வாலிசியின் பாட்டில் ஓர் ஒற்று

வைதூப்புத் தீவுக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அவர்கள் வாயில் வருவதுதான் துவாலு மொழி. மற்றத் தீவுகளில் நாங்கள் பேசுவதெல்லாம் காற்றடித்துக் கோணிப்போன பேச்சு. வானொலியும் பள்ளிப் புத்தகமும் அவர்கள் தெற்குப் பக்கத்துப் பேச்சையே பேசுகின்றன, ஆகவே நினைப்புக்குக் குறைச்சலில்லை. நாங்கள் வடக்கு. நனுமேயா. ‘இல்லை’ என்பதற்கு அவர்கள் ‘செயாய்’ என்று சொன்னால் நாங்கள் ‘ஹெயாய்’ என்போம். தலைநகர் ஃபுனாஃபுதிக்குப் பிழைக்க வந்து இத்தனை காலமாகியும், கடையில் என் வாயிலிருந்து ஒரு ‘ஹெயாய்’ விழுந்தால் போதும், மூச்சு வாங்குதா அக்கா, உட்கார்ந்துவிட்டுப் போங்க என்று நாற்காலியை இழுத்துப் போடுகிற கேலிக்காரர்கள் இருக்கிறார்கள். நானும் விடமாட்டேன். உட்கார்ந்து அரை மணி நேரம் ஹகரத்திலேயே பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

என் சித்தப்பா மகள் வாலிசி அப்படியில்லை. கேலிக்கு வாயால் பதில் சொல்லமாட்டாள், பாட்டுக் கட்டிவிடுவாள். ஃபுனாஃபுதியில் குடியிருக்கிற நனுமேயாக்காரர்களுக்கு ஃபாதேலே ஆட்டத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவள் பல வருஷமாக அவள்தான். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும்.

அவளுக்குப் பிழைப்பு ரொட்டி. விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் அடுப்பு. தென்னங்கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவு. விடிகாலையில் மாவு பிசைகிறபோதுதான் அவளுக்குப் பாட்டு வரும். மாவை எடுத்துப் பலகையில் அறைந்து அறைந்து தாளம் பார்ப்பாள். புதுப் பாட்டு கூடிவருகிற வாரம் வாலிசி ரொட்டி பஞ்சாக இருக்கும், பாட்டு மக்கர் பண்ணுகிற வாரம் அதை வைத்துத் தேங்காய் உடைக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். பொறாமைப் பேச்சு, ஆனால் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஃபாதேலே பாட்டு நீளமில்லை. மூன்று வரி, மிஞ்சினால் நான்கு. அதையே திரும்பத் திரும்பப் பாடவேண்டும். நடுவில் ஆண்கள் மரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையால் அறைவார்கள், அவர்களைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்து பாடுவோம், முன்னால் ஆடுகிறவர்கள் வரிசை. பாட்டு முதலில் நடக்கும், அப்புறம் ஓடும், கடைசியில் பறக்கும். பறந்து உச்சியில் டக்கென்று நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தார் அதைவிட வேகமாகப் பாடிக் காட்டவேண்டும். வேகம் ஏறாத ஃபாதேலேயைச் செத்த மீனுக்குச் சமமாகக்கூட யாரும் மதிப்பதில்லை.

வேகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் பேச்சில் ஓர் ஒற்றுக்கு உயிர் உண்டு. ‘ம்மலா’ என்றால் அளவுக்கு மேல் வெந்துபோனது. அந்த முன்னால் நிற்கிற மகர ஒற்றை விட்டுவிட்டு ‘மலா’ என்றால் பெருங்கேடு, கொள்ளைநோய், அந்த மாதிரி. வாலிசிக்குக் கல்யாணமான புதிதில் முதல் அடுப்பு ரொட்டி தீய்ந்துபோனது. கணவனைக் கூப்பிட ஓடுபாதையின் குறுக்கே ஓடினவள், ஓடுகிற ஓட்டத்தில் ‘மலா, மலா’ என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள். விமானம் வராத நேரமென்று ஓடுபாதையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறினார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு பெரியவர் முழங்காலிட்டு ஜெபமே தொடங்கிவிட்டார். வந்து பார்த்தால் கரிந்த ரொட்டி. அவசரத்தில் முதலில் சாவது ஒற்றுதான் என்று அன்றைக்குப் படித்தாள், அதற்குப் பிறகு அவள் கட்டின எந்தப் பாட்டிலும் வேகத்தில் உடைகிற சொல் இருந்ததில்லை. ஒரே ஒரு பாட்டைத் தவிர.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவள் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் பனாப்பா, நியுதாவோ தீவுக்காரர். அதுவும் வடக்குத்தான், எங்கள் பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். பேச்சு என்றா சொன்னேன்? அவர் பேசினால்தானே. ஆனால் கை இருக்கிறதே, அது பேசும். ஃபுனாஃபுதியில் மரப்பெட்டி அறைகிறதில் அவருக்கு மிஞ்சின கை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து, எங்கள் தீவுக்காரர்கள் கூடுகிற நனுமேயாக் கூடத்தில், நனுமேயாப் பாட்டுக்கு, நனுமேயா ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அறைந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் மொழியில் ‘நம்ம’ வேறு, ‘எங்க’ வேறு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘தாதோ’. அவரை வெளியே நிறுத்திப் பேசினால் ‘மாதோ’. இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்கு அந்த மொழியின் மேல் பரிதாபமே வந்தது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, விருந்தாளி உள்ளே இருக்கிறாரா வெளியே நிற்கிறாரா என்று எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்களோ. எங்கள் கூடத்துக்காகப் பேசுகிற பெரியவர் தௌகியே. நல்ல மனுஷர், நாக்கில் தேன். அவர் ஒவ்வொரு விழாவிலும் எழுந்து பேசும்போது, எங்க கூடம், எங்க பாட்டு, எங்களுக்காகப் பெட்டி அறைகிற நியுதாவோ மாப்பிள்ளை என்பார். பெருமையாகத்தான் சொல்வார். பனாப்பாவும் தலையை ஆட்டிக்கொள்வார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை. காற்று வீசுவதைப் போல அதுபாட்டுக்கு இருந்தது.

வாலிசிக்கு ஒரே மகள், சுனேமா. அவள் போய்ப் போய் ஒரு வைதூப்புப் பையனைப் பிடித்தாள். மின்நிலையத்தில் வேலை பார்க்கிற செலூக்கா. பையன் தங்கம், அதை நானே சொல்வேன். ஆனால் அவனுடைய மாமா இயெலெமியா இருக்கிறாரே, வைதூப்புக் கூடத்தின் வாய் அவர். நாக்கில் சுறாப்பல் வைத்திருக்கிறார் என்பார்கள். கல்யாணம் என்றால் பெண் பக்கமும் மாப்பிள்ளை பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து நாள் கணக்காக ஃபாதேலே பாடவேண்டும். வைதூப்போடு மோதப்போகிறோம் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் போய்விட்டது. சிலர் வாலிசியிடம் வந்து, வானொலிப் பேச்சிலேயே கட்டிவிடேன், அவர்கள் சிரிக்க இடம் வேண்டாமே என்றார்கள். அவள் மாவைத் திருப்பிப் போட்டு ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அதுதான் பதில்.

அவள் கட்டினது மாப்பிள்ளையைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. ‘நனுமேயா, த்தோ ஃபெனுவா’ என்று ஆரம்பம். நனுமேயா நம்ம தீவு; உள்ளே வா மகனே, உனக்கும் பாய் விரித்திருக்கிறது, கடல் பக்கம் தலைவைத்துப் படு. அவ்வளவுதான் பாட்டு. அந்த ‘த்தோ’ இருக்கிறதே, அது ‘தாதோ’ சுருங்கினது. நம்ம. உன்னையும் சேர்த்து நம்ம. தகரத்தை நாக்கு நுனியில் ஒரு கணம் பிடித்துவைத்துவிட்டு விடவேண்டும். பிடிக்காமல் விட்டால் அது ‘தோ’. ‘தோ’ என்றால் உன்னுடைய.

நான் அப்போதே கேட்டேன், வேகத்தில் நிற்குமா என்று. நிற்க வைப்போம் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நான் மேலே கேட்பதில்லை.

கல்யாணத்தின் முதல் நாள் சாப்பாடெல்லாம் முடிந்து, பிற்பகலில் எங்கள் கூடத்தில் பாட்டு தொடங்கியது. மெதுவாகப் பாடினபோதே செலூக்கா குனிந்துகொண்டான். வைதூப்புப் பெண்கள் இரண்டு பேர் எழுந்துவந்து எங்கள் ஆட்டக்காரிகள் மேல் வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். எதிர்ப்பக்கமே வந்து தெளிப்பது சின்ன விஷயமில்லை. பாட்டு ஓட ஆரம்பித்தது. பனாப்பாவும் மற்ற ஆண்களும் பெட்டியைப் போட்டு அறைய, நாங்கள் வியர்வையில் நனைந்து பாட, பாட்டு பறந்தது. பறந்து உச்சிக்குப் போய் நின்றது. நாங்கள் மூச்சிரைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

இயெலெமியா எழுந்தார். தலைமாலையைச் சரிசெய்துகொண்டார். பதில் பாட்டுக்கு ஆளைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“செலூக்கா, எந்திரிப்பா. மாமியாருக்கு நன்றி சொல்லு. நனுமேயாவ உனக்கே குடுத்துட்டாங்க.”

கூடத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் நிதானமாக, எங்கள் பாட்டை எங்கள் வேகத்திலேயே முணுமுணுத்துக் காட்டினார். தோ ஃபெனுவா, தோ ஃபெனுவா, தோ ஃபெனுவா. உன் தீவு, உன் தீவு, உன் தீவு.

“நாம ஒண்ணும் கேக்கல. அவங்களா திரும்பத் திரும்பச் சொன்னாங்க, ஊரே சாட்சி. லகேனாவும் இதுல சேத்தியான்னு மட்டும் கேட்டு வச்சுக்க.”

லகேனா எங்கள் தீவை ஒட்டின சின்னத் தீவு. எங்கள் புலாக்காக் கிழங்குக் குழிகளெல்லாம் அங்கேதான். வைதூப்புப் பக்கம் பாயில் உருண்டு சிரித்தது. ஃபுனாஃபுதிக்காரர்கள் சிரித்தார்கள். தனிப்பேச்சு பேசுகிற நுயித் தீவுக்காரர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அந்தத் தாமதச் சிரிப்புத்தான் எனக்கு அதிகம் எரிந்தது.

வேறு தீவாக இருந்தால் கேலியோடு போயிருக்கும். நனுமேயா சொல்லால் வந்த தீவு. எங்கள் மூதாதை தெஃபோலாஹா கரையேறினபோது அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள், தீவு எங்களுடையது என்றார்கள். எங்கள் பெயரைச் சொல்லு, சொன்னால் உனக்கு என்றார்கள். அவர் தந்திரமாகக் கண்டுபிடித்துச் சொன்னார், தீவு எங்களுடையதாயிற்று. இது துவாலுவில் எல்லோருக்கும் தெரியும். இயெலெமியாவுக்கு நன்றாகவே தெரியும். உட்காரும்போது, சொல்லால வந்தது சொல்லாலயே போச்சு என்று பக்கத்து ஆளிடம் சொல்கிற மாதிரி எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் சமையல் கொட்டகையில் எங்கள் பெரியவர்கள் கூடினார்கள். தௌகியேவின் முகத்தில் தேன் இல்லை. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வழி ஒன்றுதான் என்றார். ‘த்தோ’வை எடுத்துவிட்டு ‘மோதோ’ என்று போடவேண்டும், தீவு மாதிரிச் சொல்லுக்கு முன்னால் ‘மாதோ’ அப்படித்தான் ஆகும். எங்க தீவு. அதில் ஒற்றே இல்லை, எத்தனை வேகத்தில் பாடினாலும் உடையாது. அடியும் பொருந்துகிறது. எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். சொல்லுக்குச் சொல், இரண்டு எழுத்து, வேலை முடிந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வாலிசி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“மாப்பிள்ளைய வாசல்லயே நிக்க வச்சுட்டு, எங்க தீவு எங்க தீவுன்னு பாடணுமா அண்ணே?”

“அவன் வைதூப்புக்காரன். அதுல என்ன தப்பு? யாரும் அடிச்சு வெரட்டலியே.”

“வெரட்ட வேணாம். உள்ள வான்னு சொல்லாம விட்டாலே போதும். ஒருத்தர் எத்தன வருஷமா வாசல்லயே நிக்கறாரு, தெரியுமா உங்களுக்கு?”

“யாரு?” என்றார் தௌகியே.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பனாப்பா அங்கேயே, அவருக்கு நாலு அடி தள்ளி, மறுநாள் சமையலுக்கு ஈரப்பலாக்காய் பிளந்துகொண்டிருந்தார். கத்தி நின்றது. தலையைத் தூக்கவில்லை. எங்க பாட்டு, எங்க கூடம் என்று இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் என் காதில் மறுபடி ஒலித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபமும் வந்தது.

தௌகியேவுக்கும் புரிந்தது. ஆனால் பெரியவர், நாலு பேர் நடுவில் பின்வாங்க முடியாது. நாளைக்கு ஒரு தடவை அந்த ‘த்தோ’வையே பாடு என்றார். அதிலும் உன் தீவு என்று கேட்டதானால், இனி இந்தக் கூடத்துக்கு நீ பாட்டுக் கட்டவேண்டாம். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். சரி என்றாள் வாலிசி.

காலையில் நான் போனபோது அவள் ரொட்டி அடுப்பை மூட்டிவிட்டு மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பாடிப் பார்த்தோம். நடையில் ‘த்தோ’ நன்றாக நின்றது. ஓட்டத்தில் பாதி நின்றது. பறக்கும்போது செத்துப்போயிற்று. நாக்கு தகரத்தைப் பிடிக்கப் போவதற்குள் அடுத்த அடி வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. முழுசாகத் ‘தாதோ’ என்றே போட்டால் என்ன என்று கேட்டேன். முழுசாகப் போட்டால் அது தீவு என்கிற சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும், நடுவில் ஓர் ஒட்டுச்சொல்லும் வேண்டும், ஓர் அடி கூடிவிடும், ஆடுகிறவர்கள் கால் தடுக்கும் என்றாள். பாடிப் பார்த்தேன், தடுக்கத்தான் செய்தது. இன்னும் அழுத்திப் பிடிக்கலாம் என்று முயன்றதில் எனக்கு எச்சில் தெறித்து மாவில் விழுந்தது. அந்த உருண்டையை அவள் தனியே எடுத்து வைத்தாள், எனக்கே தருவதற்காக.

அவள் கண் கலங்கினதை நான் பார்த்தேன். ரொட்டி இல்லாவிட்டால் அவள் மீன் உலர்த்தி விற்பாள். பாட்டு இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. ‘எங்க’ என்று ஒரு சொல் மாற்றிவிட்டால் எல்லாம் அவள் கையிலேயே இருக்கும். மாற்றிவிடேன் என்று என் நாக்கு வரைக்கும் வந்தது.

பனாப்பா தேநீர்க் குவளையோடு கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே வந்து பலகையிலிருந்த மாவை ஓரமாகத் தள்ளினார்.

“வாய்க்கு நேரமில்லேன்னா கை நேரம் குடுக்கட்டும்,” என்றார்.

பலகையில் அறைய ஆரம்பித்தார். பாட்டை முழு வேகத்தில் பாடச் சொன்னார். ‘நனுமேயா’ வரைக்கும் அவர் கை மழையாகப் பொழிந்தது. அடுத்து ‘த்தோ’ வரவேண்டிய இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. ஒரே ஓர் அறை. அதை அறையாமல் விட்டார். பள்ளத்தில் கால் வைத்த மாதிரி எங்கள் இரண்டு பேர் மூச்சும் தானாக நின்றது, நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது, கை இறங்கியபோது ‘த்தோ’ வெடித்துக்கொண்டு வந்தது. வாலிசி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒற்று என்பது சத்தமில்லை, சத்தத்துக்கு முன்னால் மூச்சு நிற்கிற இடம். அந்த இடத்தைப் பெட்டியில் உண்டாக்கிக் கொடுத்துவிட்டார். பிறந்த நாளிலிருந்து பேசுகிற மொழி, எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முற்பகல் முழுவதும் ஈரப்பலா மரத்தடியில் பெட்டி அறைகிற ஆண்களை உட்காரவைத்துப் பழக்கினார். அவர்கள் முனகினார்கள். பறக்கிற பாட்டில் பெட்டியை நிறுத்துவதா, எந்தத் தீவிலாவது கேட்டதுண்டா, ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே கட்டை போடுகிற மாதிரி இருக்கிறதே என்றார்கள். ஒருவன் தப்பித் தவறி அந்த இடத்தில் அறைந்துவிட்டால் எல்லாம் பாழ். பனாப்பா திரும்ப, திரும்ப என்று கையைக் காட்டினார். அவர் கைக்கு முன்னால் யாரும் அதிகம் பேசமுடியாது.

பிற்பகலில் கூடம் பிதுங்கி வழிந்தது. நேற்று வராதவர்கள்கூட நனுமேயாவின் கதி என்ன என்று பார்க்க வந்திருந்தார்கள். நாங்கள் பாடத் தொடங்கியதும் இயெலெமியா முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதே மாதிரி குவித்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே. தௌகியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நடந்தது. ஓடியது. வாலிசி எனக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து பாடினாள், கண்ணை மகள் மேலும் மாப்பிள்ளை மேலும் வைத்துக்கொண்டு. பாட்டு பறக்க ஆரம்பித்தது. நனுமேயா என்றோம். அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன. ஆடுகிறவர்கள் கையும் இடுப்பும் நின்றன. அந்தப் பெரிய கூடத்தில் ஒரு மூச்சு நேரத்துக்குக் கூரையில் காற்று உரசுகிற சத்தம் கேட்டது.

த்தோ ஃபெனுவா.

பெட்டியில் கை இறங்கினது இறங்கினதுதான். அடுத்த சுற்று இன்னும் வேகம். மறுபடி நின்றது, மறுபடி வெடித்தது. காதில் வைத்த கைகளை வைதூப்புக்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள். அவர்கள் பக்கத்து இளசுகள் அந்த நிறுத்தத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, நாங்கள் நிற்கும்போது அவர்களும் மூச்சைப் பிடித்தார்கள், நாங்கள் விடும்போது அவர்களும் விட்டார்கள். எங்கள் பாட்டை எதிர்ப்பக்கம் பாடியது. வைதூப்பு வாயில் எங்கள் ‘த்தோ’. செலூக்கா எழுந்து ஆடுகிற வரிசைக்கே வந்துவிட்டான். முடிந்ததும் கூடம் அடங்கவில்லை, திரும்ப, திரும்ப என்று கேட்டது. நாங்கள் திரும்பப் பாடினோம். வேகத்தை இன்னும் ஏற்றினோம். ஒரு தடவைகூட உடையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில் வந்த அழுகை, அதை மறைக்கவும் இல்லை.

சத்தம் ஓய்ந்ததும் இயெலெமியா எழுந்தார். தலைமாலை நழுவியிருந்தது, சரிசெய்யவில்லை.

“நேத்துக் குடுத்தத இன்னிக்குத் திருப்பி வாங்கிட்டீங்களே சம்பந்தியம்மா.”

“வாங்கல சம்பந்தி. நேத்து மாப்பிள்ளைக்கு மட்டும்னு கேட்டுச்சு. இன்னிக்கு உங்களுக்கும் சேத்துத்தான்.”

“அப்ப லகேனாவும்?”

“வாங்க. புலாக்காக் குழி வெட்ட ஆள் இல்லாமத்தான் கெடக்கு.”

இந்தத் தடவை எல்லாத் தீவும் ஒரே நேரத்தில் சிரித்தது, நுயிக்காரர்கள் உட்பட. இயெலெமியாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, தன் தலைமாலையைக் கழற்றி வாலிசியின் தலையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மனுஷனை எனக்கு அதற்குப் பிறகும் முழுசாகப் பிடிக்கவில்லை, ஆனால் தோற்கத் தெரிந்தவர் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் எங்கள் பக்கத்துக்காகத் தௌகியே பேசவேண்டும். வழக்கம்போல், வேதத்தோடு எங்களுக்கு வந்த கோயில் பிரசங்கத்துச் சமோவா மொழியில் நாலு வாக்கியம் எடுத்துவிட்டார். வந்தவர்களுக்கு நன்றி, சமைத்தவர்களுக்கு நன்றி, மீன் கொண்டுவந்த படகுக்காரர்களுக்கு நன்றி. பாட்டுக் கட்டினவளுக்கு வந்தார். வாலிசி இந்தக் கூடத்துக்குப் பாட்டுக் கட்டுவாள், அவளுக்கு மூச்சு இருக்கும்வரை கட்டுவாள் என்றார். அப்புறம் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். இந்தப் பாட்டை நிறுத்திப் பிடித்த கை, என்று ஆரம்பித்து ‘மா’ என்றார். பழக்கதோஷம், மாதோ என்று வாய் தானாகவே போய்விட்டது. அங்கேயே நின்றார். தொண்டையைச் செருமினார். கூடம் அவரைப் பார்த்தது. தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டே, நாக்கு நுனியில் தகரத்தைப் பிடித்து, ‘த்தோ பனாப்பா’ என்றார். நம்ம பனாப்பா.

பிறகு படகுக்காரர்களுக்கு இரண்டாம் தடவையாக நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆட்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மிச்ச ரொட்டிக்குச் சண்டை போட்டார்கள். பனாப்பா பெட்டியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு வந்து, வாலிசிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவற்றை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவளிடம் தணிந்த குரலில் கேட்டார், தௌகியே தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று.

“காது நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?” என்றாள் அவள்.

“கேட்டுச்சு. நீ ஒரு தடவ சொல்லு.”

“த்தோ பனாப்பா,” என்றாள் வாலிசி, அவசரமே இல்லாமல்.